இருபத்தெட்டுக் கண்ணி

சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் நானே பூட்டிக்கொள்ளும் நாளில்தான் இதை எழுதத் தொடங்குவது என்று இருந்தேன். மூன்றாவது பொத்தானில் இன்னமும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். காத்திருந்ததில் எரிச்சல்தான் மிச்சம். ஆகவே கைப்பேசியில், வலது கையின் ஒரே ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் அந்த விரலைத் திட்டுங்கள். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன்.

நான் ஏறாவூர்க்காரன். லொறி ஓட்டுகிறவன். உன்னிச்சைப் பக்கத்து வட்டைகளில் அறுவடையாகும் நெல்லை ஏற்றிவந்து ஆலைகளில் இறக்குவது தொழில். அதற்கு முன் எட்டு வருடம் வளைகுடாவில் தண்ணீர் பவுசர் ஓட்டினேன். அங்கே என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் ஒரு நேபாளி இருந்தான். வேலை முடிந்து வந்தால் இரண்டு ஊசியையும் ஒரு கம்பளி நூல் உருண்டையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மற்றவர்கள் ஊரை நினைத்து அழுவார்கள், சண்டை பிடிப்பார்கள். அவன் பின்னுவான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேரோடு நான் பேசுவதில்லை என்ற நிலை வந்தபோது ஒன்பதாமவனான அந்த நேபாளி என் கையில் ஊசியைக் கொடுத்தான். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நான் யாரையும் ஏசவில்லை. அதை நானே கவனித்தேன்.

சட்டை, தொப்பி என்று நான் எதுவும் பின்னுவதில்லை. ஒரு நீளப் பட்டை, அவ்வளவுதான். குறுக்கே இருபத்தெட்டுக் கண்ணி. கண்ணி என்பது ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும். ஒரு நாளைக்கு நாலு வரிசை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாதாரண நாளுக்கு வெள்ளை, நல்ல செய்தி வந்த நாளுக்குப் பச்சை, உடம்போ மனமோ சோர்ந்த நாளுக்கு மண்ணிறம், கோபப்பட்ட நாளுக்குச் சிவப்பு. சிவப்புத்தான் அதிகம். என்னைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாததை எல்லாம் நான் அந்தப் பட்டையில் போட்டேன். வருடத்துக்கு ஒரு சுருள். அலுமாரியின் அடித்தட்டில் பாய்போலச் சுருட்டி அடுக்கியிருக்கிறேன்.

அலுமாரியின் அடித்தட்டில் என்றால் ஒளித்து என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். நான் இருப்பது என் மனைவி பரீதாவின் வீடு. அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான், இரண்டு தெரு தள்ளித் தன் மனைவி வீட்டில் இருந்தாலும் தேநீர் குடிப்பது மட்டும் எங்கள் வீட்டில். நான் சபுரிலிருந்து, அதாவது வளைகுடாவிலிருந்து, ஊர் திரும்பிய புதிதில் ஒரு நாள் என் கையில் ஊசியைப் பார்த்துவிட்டார். "என்ன மச்சான், சபுர் போய்ப் பொம்புளட வேலையையா படிச்சிட்டு வந்த?" என்று சிரித்தார். அவர் போன பிறகு பரீதா சொன்னாள்: "உள்ளுக்கு இருந்து செய்யுங்க. யன்னலச் சாத்திட்டுச் செய்யுங்க."

அன்றிலிருந்து பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, பின் அறையில், யன்னலைச் சாத்திவிட்டு, மின்விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னினேன். பட்டப்பகலில், அந்த வெக்கையில், கம்பளி நூல்.

இனி வியாதிக்கு வருகிறேன். ஒரு கல்யாண வலீமா விருந்தில் சாப்பிட்ட கோழி வயிற்றைப் புரட்டியெடுத்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதற்கு ஒரு வாரம் கழித்து விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவ ஆரம்பித்தன. நான் நூலைக் குறை சொன்னேன். மட்டமான நூலைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டினேன். வழக்கமாக ஒரு கண்ணி தவறினால் முழு வரிசையையும் பிரிக்கிறவன் நான். அந்த வாரம் பிரிக்கவும் விரலில் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு வரிசையை எப்படியோ இழுத்து முடித்து ஊசியை வைத்தேன். திங்கட்கிழமை ஆலை வாசலில் லொறியை விட்டு இறங்கியபோது இரண்டு முழங்காலும் மடிந்து நெல் மூட்டைபோல விழுந்தேன்.

அன்று பின்னேரம் ஒரு தனியார் டிஸ்பென்சரி. என்ன தொழில் என்று கேட்டார்கள். லொறி என்றேன். கழுத்து நரம்பு அமுங்கியிருக்கலாம் என்று கழுத்துக்கு ஒரு பட்டி தந்தார்கள். நான் சொன்னதை வைத்து வேறு என்ன சொல்ல முடியும்? மச்சான் அதோடு விடவில்லை, முறிவு எண்ணெய் கொண்டுவந்து முதுகில் ஊற்றினார். செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே எனக்கு எவரும் குறை வைக்கவில்லை. நடந்த குறை என் வாயால் நடந்தது.

வாட்டில் என்னைப் பார்த்தவர் இளம் பெண் டொக்டர். முழங்காலில் சிறிய சுத்தியலால் தட்டினார். கால் லேசாக ஆடியது. அந்த லேசு அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டார்.

கட்டிலின் ஒரு பக்கம் பரீதா, மறுபக்கம் மச்சான்.

"நேத்து," என்றேன்.

"அதுக்கு முதல் கையில ஏதும் மாற்றம்? சின்னச் சின்ன வேலை, விரலால செய்யிற வேலை, அதுகள் கஷ்டமா இருந்ததா?"

நான் மச்சானைப் பார்த்தேன். பரீதா முந்திக்கொண்டாள். "அவரு லொறி ஓட்டுற மட்டும்தான் டொக்டர். வேற கைவேலை ஒண்டும் இல்ல."

நோயாளி டிக்கட்டில் 'நேற்றிலிருந்து' என்று எழுதினார்கள். நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, உயிரோ கையோ போகப்போகிறது, மச்சான் சிரிப்பார் என்று பொய் சொல்கிறான். இன்றைக்கும் இதை நினைத்தால் என் காதைத் திருக வேண்டும்போல இருக்கிறது. திருகுவதற்கும் விரல் வேண்டும்.

ஒரே நாளில் கைகால் நாலும் விழுந்தால் கழுத்து எலும்புக்குள் நரம்புத்தண்டு நசிந்திருக்கக்கூடும் என்று டொக்டர் விளக்கினார். அப்படியென்றால் ஸ்கேன் எடுக்க வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் கழுத்தை அசைக்காமல் கிடக்கச் சொன்னார்கள்.

கிடந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதை விரட்ட ஒருவரைக் கூப்பிட வேண்டும். பார்வையாளர் நேரத்தில் ஊரே வந்தது. ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒருவருக்கு இதே வியாதி வந்திருந்தது, அவர்களில் பாதிப்பேர் மவுத்தாகியிருந்தார்கள். வாழைப்பழமும் மோல்ட் மாவும் கட்டிலுக்கு அடியில் குவிந்தன. "நல்லா ரெஸ்ட் எடுங்க," என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். கை அசையாதவனிடம் போய் ரெஸ்ட் எடு என்கிறார்கள்.

புதன்கிழமை பரீதாவிடம், "என்ட சுருளக் கொண்டு வா புள்ள," என்றேன்.

"இப்ப அது எதுக்கு?"

"பின்னுறதுக்கில்ல. பக்கத்துல கிடக்கட்டும்."

வியாழன் மத்தியானம் கொண்டுவந்தாள். நான் உடுத்தும் சாரத்துக்குள் வைத்துச் சுருட்டி, அதை ஒரு பைக்குள் போட்டு, கள்ளச் சாமான் கடத்துவதுபோலத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். "ஆருக்கும் காட்டாதீங்க," என்றாள். அப்போதுதான் கொஞ்சம் மூச்சுவிட்டேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடுகிறேன் என்று கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன், சொல்வதற்கு என்ன.

பக்கத்துக் கட்டிலில் மாங்கேணியைச் சேர்ந்த தங்கராசா அண்ணன். மீன்பிடிக்கிறவர். திருக்கை குத்திய கால் வீங்கிப்போய்ப் படுத்திருந்தார். என் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். நான் அழுவதைப் பார்த்து நொண்டிக்கொண்டு எழும்பி வந்தார். சாரத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த பட்டையைக் கண்டார். கேட்காமலே எடுத்தார். என் கையில் தெம்பிருந்தால் பறித்திருப்பேன்.

அவர் அதன் நிறத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, பெருவிரலால் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டு போனார். பழைய வலையை வாங்கும்போது பார்ப்பார்களே, அப்படி. ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பப் பின்னால் போய், மறுபடி அந்த இடத்துக்கு வந்தார்.

"தம்பி, இது ஆர் பின்னின?"

நான் மறுபடி சுவரைப் பார்த்தேன்.

"இஞ்ச வரைக்கும் கண் எல்லாம் ஒண்டுபோல கிடக்கு. இதுக்கு மறுகா கை விட்டிட்டு. பாருங்க, நூல் இழுத்த கையும் சரியில்ல, ஊசி பிடிச்ச கையும் சரியில்ல. வரவர மோசமாத்தான் போகுது. நம்மட ஆக்களுக்குக் கையில வருத்தம் வந்தா முதல்ல வலைதான் சொல்லும்."

அந்த நேரம் பார்த்து டொக்டர் சுற்றுக்கு வந்தார். பார்வையாளர் நேரம் முடியவில்லை, பரீதாவின் பக்கத்தில் மச்சானும் வந்து நின்றார். தங்கராசா அண்ணன் பட்டையை டொக்டரிடம் நீட்டிவிட்டார். "மகள், இதக் கொஞ்சம் பாருங்க. இந்தக் கை ஒரு நாளில விழுந்த கை இல்ல."

டொக்டர் பட்டையை விரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாட்டில் இருந்த அத்தனை கண்ணும் அதில். என் சிவப்பு நாள்கள் எல்லாம் ஆஸ்பத்திரி யன்னலில் தொங்கின.

"இது யார் பின்னினது?"

மச்சான் பரீதாவைப் பார்த்தார். பரீதா தலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தான்," என்றாள்.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். பதினேழு வருடக் குடும்பத்தில் அவள் எனக்காகச் சொன்ன பொய்களிலேயே அன்பான பொய் அதுவாகத்தான் இருக்கும். டொக்டர் உடனே அவளுடைய கைகளைப் பிடித்து விரல்களை மடக்கச் சொன்னார். அவள் விரல்கள் ஜோராக மடங்கின. டொக்டர் பட்டையைக் கீழே வைக்கப்போனார்.

இப்போது வாய் திறக்காவிட்டால் இந்தக் கை இனி இல்லை என்று எனக்குள் ஏதோ சொல்லியது.

"அவ பொய் செல்றா டொக்டர்," என்றேன். "நான்தான் பின்னின. ஒவ்வொரு நாளும் பின்னுறன். பன்னிரண்டு வருஷமாப் பின்னுறன்."

மச்சான் வாயைத் திறந்தார். தங்கராசா அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வரிசை?" என்றார் டொக்டர்.

"நாலு."

அவர் பேனா முனையால் எண்ணினார். கண்ணி தளரத் தொடங்கிய இடத்திலிருந்து முப்பத்திரண்டு வரிசை. எட்டு நாள். கடைசி வரிசை ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன்.

"பன்னிரண்டு நாள்," என்றார். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நீங்க நேத்து எண்டு சொன்னீங்க. அதுக்கு முதல் வயித்தால போச்சுதா?"

"ஓம். அதுக்கு ஒரு கிழமை முந்தி."

"அதையும் சொல்லேல்ல."

சுத்தியலை எடுத்து மறுபடி தட்டினார். இந்தமுறை முழங்கால் அசையவே இல்லை. பட்டையை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேள்வியை அதுதான் மாற்றியது. வயிற்றில் வந்த கிருமியைத் தேடிப்போன உடம்பின் காவல், நரம்புக்கு மேலே உள்ள உறையையும் கிருமி என்று நினைத்து அரித்துவிடுமாம். வயரின் உறை போனால் மின்சாரம் ஓடாதல்லவா, அதேதான். குய்லன் பாரே என்று பெயர். பெரும்பாலும் காலில் தொடங்கும், சிலருக்குக் கையில் தொடங்கும். அரிப்பை நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது, ஐந்து நாள் இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். முதல் இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளுக்குள், ஏற்றினால்தான் நல்ல பலன். எனக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது.

உறுதிசெய்ய முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். "முதுகுல ஊசி போட்டா ஆள் ஒழும்ப மாட்டான்," என்றார் மச்சான். "இப்ப மட்டும் ஒழும்பி ஓடிக்கிட்டா இரிக்கன்?" என்றேன். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை. தாதி மிஸ்ஸி என் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தார். உயர்தரம் வரை படித்தவன் நான். வலியைவிட அந்த மைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீரில் புரதம் கூடியிருந்தது. அன்றைக்கே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு எண்ணும் நாள்கள். இந்த வியாதி நெஞ்சுத் தசைக்கு ஏறினால் மூச்சு நிற்கும். ஆகவே மிஸ்ஸி நாளுக்குப் பலமுறை வந்து, "மூச்சை இழுத்து ஒரே மூச்சில எண்ணுங்க," என்பார். முதல் நாள் இருபத்தெட்டு வரை எண்ணினேன். சரியாக ஒரு வரிசை. மனதுக்குள் ஊசியைப் பிடித்துக்கொண்டு கண்ணி கண்ணியாகத்தான் எண்ணினேன், வேறு விதமாக எனக்கு எண்ணத் தெரியாது. அடுத்த நாள் இருபத்திரண்டு. பிறகு பதினேழு. பிறகு பதினைந்து. அதற்கு மேல் மூச்சு இல்லை, பதின்மூன்று கண்ணி ஊசியில் தொங்கிக்கொண்டே நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பயமாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மிகவும் பயமாக இருந்தது. பரீதா காலடியில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பதினைந்திலேயே நின்றது. மூன்றாம் நாள் பதினாறு. மிஸ்ஸி நம்பாமல் இன்னொருமுறை எண்ணச் சொன்னார். பதினாறுதான்.

தங்கராசா அண்ணன் அதற்கிடையில் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "கை வந்த உடன மாங்கேணிக்கு வாங்க, வலை ஒண்டு கிழிஞ்சு கிடக்கு," என்றார். இன்னும் போகவில்லை.

நான் ஐந்து கிழமை இருந்தேன். கால்தான் முதலில் வந்தது. கம்பியைப் பிடித்து நடந்தபோது எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். கை வரவில்லையே என்று நான் சொன்னால், "நடக்கிறீங்கதானே," என்றார்கள். நடப்பது பெரிய காரியம்தான், நன்றி கெட்டவன் இல்லை நான். ஆனால் ஒருவனுக்கு எது வேண்டும் என்று அவனைத்தானே கேட்க வேண்டும்? உடற்பயிற்சிக்காரர் ரப்பர் பந்து ஒன்றைத் தந்து அமுக்கச் சொன்னார். அந்தப் பந்தைப் போல நான் வெறுத்த பொருள் உலகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்தும் அதே கதை. அசர் தொழுதுவிட்டுப் பின் அறையில் போய் யன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். ஊசி விழும். பரீதா வந்து எடுத்துத் தருவாள். மறுபடி விழும். மறுபடி வருவாள். கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடுவாள். ஒரு கிழமையில் ஒரு கண்ணிகூட ஏறவில்லை. ஒரு நாள் பதினோராவது தடவை அவள் குனிந்தபோது, "எடுக்காத, கிடக்கட்டும். குப்பையில போடு எல்லாத்தையும்," என்று கத்தினேன். கத்தக்கூடாததையும் கத்தினேன். "நீ டொக்டருக்கிட்ட மறைச்சதாலதானே," என்று.

நானும் மறைத்தேன் என்பதை அவள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஊசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தொலைந்தது என்று நினைத்தேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நூல் உருண்டையையும் பட்டையையும் எடுத்தாள்.

"வெளிய வாங்க."

"எங்க?"

"கேட்டடிக்கு. இஞ்ச இருட்டு. ஊசி விழுந்தா எனக்குத் தேட ஏலா."

முன் முற்றத்தில், தெருவைப் பார்த்து, கேட்டைத் திறந்துவைத்துக் கதிரையைப் போட்டிருந்தாள். பக்கத்தில் தனக்கு ஒரு முக்காலி. நான் உட்கார்ந்தேன். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், முச்சக்கரவண்டிகள். எல்லோரும் பார்த்தார்கள். ஊசி விழுந்தது. எடுத்துத் தந்தாள். விழுந்தது. தந்தாள். என்ன நிறம் என்று கேட்டாள். "சிவப்பு," என்றேன். "தெரியும்," என்று எடுத்துத் தந்தாள்.

வழக்கமான நேரத்துக்கு மச்சான் தேநீருக்கு வந்தார். கேட்டடியில் நின்று என்னைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"என்ன செய்யிறாரு?" என்றார், என்னிடம் கேட்காமல்.

"பின்னுறாரு," என்றாள் பரீதா. "நீங்க உள்ளுக்குப் போங்க காக்கா, தேத்தண்ணி மேசையில இரிக்கி. எனக்கு இப்ப ஒழும்ப ஏலா."

பொழுதுபட்டு, பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொல்லும்வரை ஒரு வரிசை வந்தது. நாலு அல்ல, ஒன்று. வாட்டில் பார்த்த கோணல் வரிசைகளுக்கு மேலே அது இன்னும் கோணலாக உட்கார்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழுதான் இருந்தது. எங்கேயோ ஒன்று நழுவியிருக்கிறது. மறுபடி எண்ணினேன், இருபத்தேழு. பரீதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிரிக்கப்போகிறேன் என்று.

நான் பிரிக்கவில்லை.